வேலியில சிவப்பு சிவப்பா பழம், விடிஞ்சா கொண்டைக்குருவி கூட்டம்: இது என்ன செடிங்க?

வேலியோரம்:

எல்லாருக்கும் வணக்கம். அறந்தாங்கி பக்கத்துல ஒரு கிராமம், மாமியார் ஊரு. தீபாவளிக்கு வந்தவ இன்னும் கெளம்பல. இங்க மாட்டுக்கொட்டகைக்குப் பின்னாடி ஒரு பழைய வேலி இருக்கு, வேலின்னா யாரும் நட்டு வளத்தது இல்ல, கிளுவை, சங்கஞ்செடி, கோவைக்கொடி எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு கெடக்கும், ஆடு கூட நுழையாது. அதுக்குள்ள ஒரு செடி மட்டும் மழை விட்ட நாள்ல இருந்து குட்டிக் குட்டியா சிவப்புப் பழமா நிக்குது. மிளகை விட கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். என் நெஞ்சு உயரம் இருக்கும், சில எடத்துல தலைக்கு மேலயும் போயிருக்கு.

விடியக்காலம் பால் கறக்குற நேரத்துக்கு கொண்டைக்குருவிங்க வந்துடுது. ஒரு நாள் எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு. அதுபோக கொண்டை இல்லாத இன்னொரு குருவி, வேலிக்குள்ளயே இருந்துக்கிட்டு சத்தம் மட்டும் பெருசா போடுது, வெளிய வர்றதே இல்ல. குயில் கூட ஒரு தடவை வந்துச்சு.

மாமியார்கிட்ட கேட்டா "குருவி திங்குற பழம்"ங்கிறாங்க, பேரு கேட்டா அதான் பேருங்கிறாங்க. பக்கத்து வீட்டு அக்கா காட்டுக் கறிவேப்பிலைன்னு சொன்னாங்க. போன்ல ஒரு ஆப் வச்சு போட்டோ எடுத்தா முதல்ல கோட்டோனியாஸ்டர்னு காட்டுச்சு, கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்தா கோஜி பெர்ரின்னு காட்டுது. அறந்தாங்கில கோஜி பெர்ரியா!

இப்ப விஷயம் என்னன்னா எங்க சின்னவன், நாலு வயசு, நேத்து மத்தியானம் ரெண்டு மூணு பழத்தை வாயில போட்டுட்டான். வாயைத் தொறக்கச் சொல்லி தோண்டி எடுத்தேன், ஒண்ணு முழுங்கியிருப்பான்னு நெனக்கிறேன். கேட்டா "குருவி திங்குதுல்ல"ங்கிறான். நல்லாத்தான் இருக்கான், ராத்திரி ரசஞ்சாதம் சாப்ட்டான், காலையில எப்பவும் போல ஓடிக்கிட்டிருக்கான். ஆனா இதைக் கேட்டதுல இருந்து மாமனார், திங்கட்கிழமை ஜேசிபி வருது, மொத்த வேலியையும் வழிச்சுட்டு காம்பவுண்டு போட்டுடலாம்னு நிக்கிறாரு. விஷச்செடியா இருந்தா நானே முன்ன நின்னு வெட்டிடுவேன், இல்லன்னா எனக்கு மனசு வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.


கரிசல்காட்டான்:

தங்கச்சி, மொதல்ல புள்ளைய கவனிங்க. ஒரு நாள் ஆகியும் நல்லா இருக்கான்னா பெரும்பாலும் பயமில்ல, ஆனாலும் வாந்தி, வயித்தால போறது, தூங்கி வழியறதுன்னு எது தெரிஞ்சாலும் யோசிக்காதீங்க, பழத்தோட இலையோட ஒரு கொப்பை ஒடிச்சு எடுத்துட்டு நேரா ஆஸ்பத்திரி போயிருங்க. டாக்டருக்கு பேர் தெரியலன்னாலும் செடியப் பாத்தா ஒரு பிடி கிடைக்கும். உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கிற வேலையெல்லாம் வேண்டாம், ஊர்ல பெருசுக சொல்லும், கேக்காதீய.

அப்புறம் செடி. சிவப்புப் பழம்னு மட்டும் சொன்னா ஒரு ஊரே இருக்கு. கோவைப்பழம் சிவப்பு, தூதுவளைப் பழம் சிவப்பு, மணத்தக்காளில ஒரு வகை சிவப்பு, அமுக்கிராப் பழம் சிவப்பு (அது மேல காகிதம் மாதிரி ஒரு உறை மூடியிருக்கும்). கறிவேப்பிலைப் பழமே பாதியில சிவந்துதான் அப்புறம் கருக்கும். பழத்த விடுங்க, இலையச் சொல்லுங்க. முள் இருக்கா? இலை எதிரெதிரா வருதா, மாத்தி மாத்தி வருதா? ஒடிச்சா பால் வடியுதா? பழம் தனித்தனியா இருக்கா, கொத்தா இருக்கா, சரம் மாதிரி தொங்குதா? கசக்கி மோந்தா கறிவேப்பிலை வாசம் அடிக்குதா? பழத்த நசுக்கினா உள்ள எத்தனை விதை? இத்தனையும் சொன்னா பேரு தானா வரும்.

ஆப்பை நம்பாதீங்கன்னு சொல்ல மாட்டேன், நானும் வச்சிருக்கேன். ஆனா அதுக்கு போட்டோல பெருசா தெரியறது பழந்தான், இலை ஓரத்துக்குப் போயிடும். ரெண்டு போட்டோ எடுங்க, ஒண்ணு இலை மட்டும்.


ஏரிக்கரை:

சிஸ்டர் எனக்கு இது ரத்தப்பெர்ரி மாதிரி தோணுது, ரிவினான்னு சொல்வாங்க. அமெரிக்கா பக்கத்து செடி, இப்ப நம்ம ஊர்ல மரத்தடி எங்க நெழல் இருக்கோ அங்கெல்லாம் பரவிடுச்சு, எங்க ஆபீஸ் கேம்பஸ்ல காட்டுவாகை மரத்துக்கு அடியில தரையே தெரியாது. பளபளன்னு செக்கச் செவேல்னு பழம், நசுக்கினா கையெல்லாம் சிவப்புச் சாயம் ஒட்டும். கொண்டைக்குருவிதான் அதைப் பரப்புதுன்னு சொல்வாங்க. அது சாப்பிடக் கூடாத பழம். உடனே வெட்டிடுங்க.


கரிசல்காட்டான்:

தம்பி, ரிவினா முழங்காலுக்கு மேல வந்தாலே அதிசயம், மிஞ்சிப் போனா இடுப்பு. தண்டு கீரைத்தண்டு மாதிரி சவசவன்னு இருக்கும், பழம் சரஞ்சரமா வரும், அதே சரத்து நுனில பூவும் இருக்கும். இவங்க சொல்றது தலை உசரத்துக்கு, வெயில்ல, வேலியில நிக்குற செடி. அவங்க இலையச் சொல்லட்டும், அதுக்குள்ள வெட்டு குத்துன்னு பயம் காட்டாதீக.


வேலியோரம்:

அண்ணா, சொன்ன மாதிரி போய்ப் பாத்துட்டு வந்தேன். கொப்பு ஒண்ணு கையில வச்சுக்கிட்டே டைப் பண்றேன்.

முள் இல்ல. பால் இல்ல. வாசம் ஒண்ணும் பெருசா இல்ல, பச்சை இலை வாசந்தான். இலை ரொம்பச் சின்னது, என் சுண்டுவிரல் நகத்தை விட கொஞ்சம் நீளம், அடியில குறுகி நுனியில அகலமா, கரண்டி மாதிரி. மாத்தி மாத்தி வருதான்னு சொல்லவே முடியல, குட்டிக் கணுவுல நாலஞ்சு இலை குஞ்சம் மாதிரி சேந்து நிக்குது, புதுக் குச்சியில மட்டும் மாத்தி மாத்தி. மேல்பக்கம் நல்ல கரும்பச்சை, பளபளப்பு, ஆனா தடவினா சொரசொரன்னு உப்புத்தாள் மாதிரி இருக்கு. வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா மேல வெள்ளையா புள்ளி புள்ளியா தெரியுது, முதல்ல பூச்சி மருந்து காஞ்சு ஒட்டிருக்கோன்னு எச்சி தொட்டுத் தேச்சேன், போகல. நுனில மூணு பல்லு வெட்டின மாதிரி இருக்கு, எல்லா இலையிலயும் இல்ல, நெறைய இலையில.

பூ வெள்ளை, அஞ்சு இதழ், ரொம்பக் குட்டி. பழம் ஒண்ணு ரெண்டாத்தான், சின்னக் காம்புல. முதல்ல ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு. நசுக்கினா தோல் சதை எல்லாம் வழுக்கிட்டு ஒரே ஒரு கொட்டை, பல்லுல கடிச்சா பல்லு போயிடும் போல (கடிக்கல, அம்மிக்கல்லுல வச்சுப் பாத்தேன்).


பூலாங்காடு:

அந்த மூணு பல்லும் வெள்ளைப் புள்ளியும் சொன்னதுமே எனக்கு வேற எதையும் படிக்கத் தோணல. குருவிச்சிங்க அது. எங்க பக்கம் குருவிச்சிப் பழம்பாங்க, சில ஊர்ல குரங்கு வெத்தலைன்னும் பேரு உண்டு. தாவரவியல்ல கார்மோனா ரெட்யூசா, பழைய புத்தகங்கள்ல எரேசியா மைக்ரோஃபில்லான்னு இருக்கும், ரெண்டும் ஒண்ணுதான். உங்க மாமியார் தப்பா சொல்லல, குருவி திங்குற பழம்ங்கிறது பேருக்குள்ளயே இருக்கு பாருங்க.

நறுவிலி தெரியுமா, மூக்குச்சளிப் பழம்னு பிள்ளைங்க சொல்லுவோமே, அதுக்குச் சொந்தக்காரச் செடி. இந்தக் குடும்பத்துக்கே இலை சொரசொரப்புதான். அந்த வெள்ளைப் புள்ளி பூச்சியும் இல்ல மருந்தும் இல்ல, இலையில இருக்கிற மொரட்டு ரோமத்தோட அடிப்பாகம், சுண்ணாம்பு ஏறி கெட்டிப்பட்டது. தேச்சா போகாது. கொட்டை ஒண்ணுதான், ஆனா அதுக்குள்ள நாலு விதை. காட்டுக் கறிவேப்பிலைன்னு அந்த அக்கா சொன்னாங்கள்ல, அது வேற, அதுல ஒரு ஈர்க்குல பல சிற்றிலை வரும், இலை வழுவழுன்னு இருக்கும், பூ மல்லி மாதிரி மணக்கும், பழமும் கொஞ்சம் நீளவாட்டுல இருக்கும். பக்கத்து ஊர்க்காரங்க ரெண்டையும் சேத்துச் சொல்றது சகஜம்.

ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிடுறேன். குருவிச்சி வேற, குருவிச்சை வேற. குருவிச்சைங்கிறது புல்லுருவி, மாமரத்துல வேப்பமரத்துல ஒட்டிக்கிட்டு வளருமே அது. ஒரு எழுத்து மாறினா நாட்டு மருந்துக்கடையில வேற பொட்டணம் கட்டிக் குடுத்துருவாங்க.

விஷமான்னா, இல்ல. ஆடு மேய்க்கப் போன வயசுல நானே டவுசர் பாக்கெட் நெறைய பறிச்சுத் தின்னவன். பெருசா ருசி ஒண்ணும் கெடையாதுங்க, லேசா இனிப்பு, முக்கால்வாசி கொட்டை, துப்பித் துப்பி வாய் வலிக்கும். பொழுதுபோக்குக்குத் திங்கிறது. பிலிப்பைன்ஸ்ல இதோட இலையில டீ போட்டுக் குடிப்பாங்க, அந்த நாட்டு சுகாதாரத்துறை வயித்து வலி, பேதிக்கு ஏத்துக்கிட்ட 10 மூலிகைல இதுவும் ஒண்ணு. போன்சாய் வளக்கிறவங்ககிட்ட ஃபுக்கியன் டீன்னு சொல்லிப் பாருங்க, கண்ணு விரியும், தொட்டியில குட்டியா வெட்டி வளைச்சு நல்ல காசுக்கு விக்கிறது இதே செடியைத்தான். உங்க மாமனார் ஜேசிபி வச்சு அள்ளப் போறது அதைத்தான்னு சொல்லுங்க அவர்கிட்ட.


சின்னான்பிரியை:

பூலாங்காடு அண்ணன் சொன்னதுல செடி முடிஞ்சுதுங்க, நான் குருவிக்கு வரேன், எனக்கு அதுதானே வேலை. ஈரோட்டுக்காரி நான்.

அக்கா சொன்ன கொண்டைக்குருவிதான் செம்புழைச் சின்னான், வாலுக்கு அடியில சிவப்பு இருக்கும் பாருங்க. வேலிக்குள்ளயே இருந்துட்டு கத்துதுன்னு சொன்னீங்களே, அது கண்டிப்பா வெண்புருவச் சின்னான். கொண்டை கெடையாது, ஒடம்பு மங்கின பச்சை, கண்ணுக்கு மேல வெள்ளைப் புருவம், வால் அடியில மஞ்சள். கொப்பளிச்சுக் கொட்டற மாதிரி ஒரே மூச்சுல கத்திட்டு நிறுத்திடும். இந்தியாவுல இந்தத் தெக்குப் பக்கமும் அப்புறம் இலங்கையும், அவ்வளவுதானுங்க அதோட உலகம். அதுக்கு மரம் வேண்டியதில்ல, இந்த மாதிரி நெருக்கமான புதர் வேணும். காம்பவுண்டு வந்தா கொண்டைக்குருவி பக்கத்து வீட்டு கேபிள் வயர்ல உக்காந்துக்கும், அதுக்கு எதுவும் ஒத்துவரும். ஃபிஜி, ஹவாய் தீவுலயெல்லாம் கொண்டு போய் விட்டு அங்க பெருகி, உலகத்தோட மோசமான 100 ஊடுருவி உயிரினங்கள் பட்டியல்லயே பேர் வாங்கின ஆளு அது, சாதாரணப்பட்டதில்ல. வெண்புருவம் அப்படி இல்லீங்க, போனா போனதுதான்.

குழந்தை கேட்ட கேள்வி சாதாரணக் கேள்வி இல்லைங்க, "குருவி திங்குதுல்ல". பெரியவங்களே இதை நம்பறாங்க. எட்டி பழுத்தென்னன்னு பழமொழியே வச்சிருக்கோம், ஆனா எட்டிப்பழத்தோட சதையை சாம்பல் இருவாச்சி சாப்பிடுதுங்க, கொட்டையை விட்டுடும். நாம கொட்டையோட தின்னா காடுதான். மிளகாய்ப் பழத்தை கிளி கடிச்சுத் தின்னுட்டு கண்ணுல தண்ணி கூட விடாது, பறவைகளுக்கு அந்தக் காரம் உறைக்கவே உறைக்காது. அலங்காரத்துக்கு வெக்கிற டுராண்டா, மஞ்சக்குண்டு மாதிரி காய்க்குமே, அதையும் சின்னான் திங்கும், குழந்தைங்க தின்னா ஆபத்து. அதனால பறவை தின்னா நல்ல பழம்ங்கிற கணக்கை மட்டும் பையனுக்கு இப்பவே உடைச்சு விட்டுடுங்க. இந்தத் தடவை அதிர்ஷ்டம், குருவிச்சியா போச்சு. அதே வேலியில குன்றிமணிக் கொடி இருக்கான்னு ஒரு நடை பாருங்க. காய் வெடிச்சு சிவப்பும் கறுப்புமா கண்ணு மாதிரி தெரியும், பழம்னு நெனச்சு கை போகும். கடிச்சு மென்னா உயிருக்கே ஆபத்துங்க. அது இருந்தா வேரோட எடுத்துடுங்க, அதுல ரெண்டாம் பேச்சு இல்ல.

ஏன் சிவப்புன்னு யாராச்சும் கேப்பீங்க. ஆடு மாடு நாய்க்கெல்லாம் சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. பறவைக்கு நம்மளை விடவும் ஒரு வண்ணம் கூடுதலாவே தெரியும். கொட்டையை அரைக்காம அப்படியே முழுங்கிட்டுப் போய் வேற எடத்துல போடற ஆளுக்குத்தான் செடி விளம்பரப் பலகை வெச்சிருக்குது. கிளி வந்தா கொட்டையையும் நொறுக்கிடும், சின்னான் வந்தா முழுசா முழுங்கும். நாளைக்குக் காலையில ஒரு பத்து நிமிஷம் நின்னு பாருங்க அக்கா, பழத்தைப் பறிச்சதும் அலகு நுனியில ஒரு உருட்டு உருட்டி, தலையை லேசா பின்னாடி சாய்ச்சு, ஒரே டபக். கொட்டகைக் கூரைல, சுவத்து மேல இருக்கிற எச்சத்தைக் குச்சியால கிளறினீங்கன்னா கழுவி வெச்ச மாதிரி அந்தக் கொட்டை இருக்கும். அந்த வேலியை யார் நட்டாங்கன்னு அங்கதான் தெரியும்.


மொட்டைமாடி:

இந்தத் திரியைப் பாத்து ஆசை வந்துடுச்சு, நடுவுல நொழைஞ்சதுக்கு மன்னிக்கணும். தாம்பரம், மொட்டை மாடி, தொட்டிதான் எல்லாம். குருவி வரணும்னு ஒரு நர்சரில கேட்டேன், "சார் இது பெர்ட்ஸுக்குன்னே ஸ்பெஷல்"னு ஒண்ணைத் தலையில கட்டினாங்க, எட்டு மாசம் கழிச்சு மஞ்சளா காய்ச்சப்போதான் தெரிஞ்சுது அது சின்னான்பிரியை மேல சொன்ன டுராண்டா. வீட்ல பேத்தி இருக்கா, அன்னிக்கே தூக்கிட்டேன். சரி தொட்டிக்கு எதை வைக்கலாம்?


பூலாங்காடு:

சார், தொட்டிக்கு இந்தக் குருவிச்சியே அருமையா வரும், போன்சாய்க்காரங்க வைக்கிற செடிக்கு உங்க தொட்டி அரண்மனை. அவங்ககிட்ட ஃபுக்கியன் டீன்னு கேட்டா கெடைக்கும். ஆனா கத்திரி போட்டுக்கிட்டே இருந்தா காய்க்காது, விட்டுடணும். காட்டுக் கறிவேப்பிலையும் வைக்கலாம், நர்சரில மதுகாமினின்னு கேளுங்க, பூ வாசத்துக்கே வைக்கலாம், பழுத்தா கொண்டைக்குருவி வரும். சாதாரண கறிவேப்பிலையை முழுசா மொட்டையடிக்காம ஒரு கொப்பு விட்டு வச்சாலும் அதுலயும் பழம் வரும், குயில் தேடி வரும். கீழ தரை இருந்தா சிங்கப்பூர் செர்ரி ஒண்ணு போதும், வேற எதுவும் வேணாம், வருஷம் பூரா பழம், பகல்ல குக்குறுவான், குயில், ராத்திரி வவ்வால். அதுல ரெண்டு பெருவிரல் அளவுக்கு ஒரு குருவி விட்டு விட்டுக் கத்திக்கிட்டே குதிச்சா அது பூங்கொத்தி, நம்ம ஊர்லயே ரொம்பச் சின்னப் பறவை. மேல சொன்னேனே குருவிச்சை, அந்தப் பழத்தைத் தின்னுட்டு பிசின் ஒட்டின விதையை கெளையில தேச்சு வச்சிட்டுப் போறதும் இவருதான். உங்க மாமரத்துல புல்லுருவி வந்தா யாரைத் திட்டணும்னு தெரிஞ்சுக்கோங்க.


பனிப்புல்:

கோத்தகிரில இருந்து. கோட்டோனியாஸ்டர் பத்தி ஒரு வார்த்தை. அந்த ஆப்பு சொன்னது முழு பைத்தியக்காரத்தனம் இல்ல, நீலகிரியிலயே சொந்தமா ஒரு கோட்டோனியாஸ்டர் இருக்கு, அதுலயும் குட்டி இலை, அதே அளவுல சிவப்புப் பழம். ஆனா இலையத் திருப்பினா அடியில சாம்பலா பஞ்சு ஒட்டின மாதிரி இருக்கும், மேல சொரசொரப்பு கெடையாது, நுனியில பல்லும் கெடையாது. அது குளிர்ல வளர்றது, அறந்தாங்கி வெயிலுக்கு ஒரு வாரம் தாங்காது. ஆப்புக்கு நீங்க எந்த ஊர்ல நிக்கிறீங்கன்னு தெரியணும், லொகேஷன் ஆஃப் பண்ணியிருந்தீங்களா பாருங்க.


ஏரிக்கரை:

சாரி சிஸ்டர், நான்தான் அவசரப்பட்டு வெட்டச் சொன்னேன். இன்னிக்கு லஞ்ச்ல எங்க கேம்பஸ் செடியப் போய்ப் பாத்தேன், அண்ணன் சொன்ன மாதிரியே தண்டு கீரைத்தண்டுதான், சரந்தான். நாலு வருஷமா தெனம் பாக்குறேன், இலையப் பாத்ததே இல்ல.


வேலியோரம்:

அதெல்லாம் பரவாயில்ல தம்பி. எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. லொகேஷன் ஆஃப்லதான் இருந்துச்சு, ஆன் பண்ணி இலையை மட்டும் போட்டோ எடுத்தேன், மூணாவதா கார்மோனான்னு காட்டுது.

காலையில சின்னவனையும் கூட்டிக்கிட்டு நின்னேன். நெசமாவே உருட்டி டபக்குன்னு முழுங்குது! அவன் எண்ணிக்கிட்டே வந்தான், ஒரே குருவி ஒம்போது பழம், அதுக்கு மேல அவனுக்கு எண்ண வராது. கொட்டகை ஓட்டு மேல எச்சத்தைக் கிளறிப் பாத்தோம், கொட்டை இருந்துச்சு. குருவி தின்னா நாமளும் தின்னலாம்ங்கிறதை உடைக்கிறதுதான் கஷ்டமா இருக்கு, மிளகாய்க் கதையைச் சொன்னேன், "அப்ப நான் கிளி இல்ல"ன்னான், இப்போதைக்கு அது போதும்.

குன்றிமணி இருந்துச்சுங்க. வேலியோட மேக்குக் கோடியில, முருங்கை மேல ஏறி. உடம்பெல்லாம் நடுங்கிப் போச்சு. மாமனாரே மம்பட்டி எடுத்து தோண்டிட்டாரு, கீழ சிதறிக் கெடந்ததை நானும் மாமியாரும் ஒவ்வொண்ணாப் பொறுக்கினோம், ஒரு டம்ளர் இருந்துச்சு.

அவரு போன்சாய் விலையைக் கேட்டுட்டு கொஞ்சம் யோசனையா ஆயிட்டாரு. இப்ப பேச்சு என்னன்னா ரோட்டுப் பக்கம் மட்டும் சுவரு, கொட்டகைப் பக்கம் வேலி அப்படியே. ரோட்டுப் பக்கம் ரெண்டு குருவிச்சி நிக்குது, அதைத்தான் காப்பாத்த முடியாது போல. கொப்பு வச்சா துளிர்க்குமா, விதை போடணுமா?


பூலாங்காடு:

கொப்பே வரும்மா. ரொம்பப் பச்சையா இருக்கிறதும் வேணாம், முத்தின கட்டையும் வேணாம், பென்சில்ல பாதி கனத்துக்கு ஒரு சாண் நீளம் வெட்டி, அடி இலையெல்லாம் உருவிட்டு, மணல் கலந்த மண்ணுல நெழல்ல வைங்க. மழை ஈரம் இருக்குறப்பவே வச்சிடுங்க. பத்து வச்சா நாலு தப்பினாலும் போதும். மெதுவாத்தான் வளரும், அவசரப்பட்டு புடுங்கி வேர் பாக்காதீங்க.


வேலியோரம்:

பன்னெண்டு வச்சிருக்கேன் அண்ணா, பால் பாக்கெட்டுல மண்ணு நெரப்பி.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். ரோட்டுப் பக்கத்துச் செடியில கொப்பு வெட்டும்போது உள்ள ஒரு கூடு இருந்துச்சு, காலியானது, போன கோடையில கட்டினதா இருக்கும். கை அடக்கத்துக்கு ஒரு கிண்ணம் மாதிரி. வேரும் புல்லும் வச்சு சுத்தி, வெளிப்பக்கம் சிலந்தி வலை, ஒரு ஓரத்துல பச்சை கலர்ல நைலான் நூல். உத்துப் பாத்தா அது எங்க மாட்டுக் கயித்துல பிரிஞ்சது. மாமியார்கிட்ட காட்டினேன், வாங்கி ஒரு நிமிஷம் பாத்துட்டு மறுபடியும் வேலிக்குள்ளயே கொண்டு போய் வச்சிட்டாங்க, கொட்டகைப் பக்கத்துச் செடியில.


சின்னான்பிரியை:

பழைய கூட்டுல மறுபடி முட்டை போடறது அபூர்வந்தானுங்க அக்கா. ஆனா அதை அங்கிருந்து எடுக்க வேண்டாம்னு உங்க அத்தைகிட்ட சொல்லுங்க, மாசியில வந்து அந்த நூலை உருவிட்டுப் போனாலும் போகும்.